வேளைக்காரர்: ஒரு படைப்பெயரின் பொருளும் பிறப்பும்

சோழர் படைகளில் ஒன்றின் பெயரைச் சொல்லச் சொன்னால், தமிழ் வாசகரில் பெரும்பாலோர் ‘வேளக்காரப் படை’ என்பார்கள். 1950-இல் கல்கியில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ செய்த வேலை அது. அரசனின் உயிரைத் தம் உயிர் கொடுத்துக் காப்பதாகச் சபதம் செய்தவர்கள், தவறினால் தம்மையே பலியிட்டுக்கொள்பவர்கள் என்று அந்த நாவல் பதித்த படிமம் இன்னும் அழியவில்லை. கல்வெட்டுகளில் அந்தப் பெயர் ‘வேளைக்காரர்’ என்று இருக்கிறது. அதன் பொருள் என்ன என்பதில் ஆய்வாளர்கள் ஒருமுகப்பட நெடுங்காலம் ஆயிற்று. இன்றும் முழுதாக ஒருமுகப்பட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. கல்கி எடுத்துக்கொண்ட விளக்கம் பெரும்பாலும் சரியானதே என்பது என் கருத்து. ஆனால் அது அந்தச் சொல்லின் பிறப்பைத்தான் சொல்கிறது. பிறந்த பின் அது எங்கெல்லாம் போயிற்று, என்னவாக மாறிற்று என்பது வேறு கதை.

முதலில் தஞ்சாவூர். பெரியகோயில் கல்வெட்டுகளில் முதலாம் ராஜராஜனின் படைப்பிரிவுகள் பல பெயர் சொல்லப்படுகின்றன. அந்தப் பெயர்களை அடுத்தடுத்து வாசித்தால் ஓர் அச்சில் வார்த்தவை போலத் தெரியும். அரசனின் விருதுப்பெயர் ஒன்று, அதன்பின் ‘தெரிந்த’, அதன்பின் பிரிவின் வகை. அழகியசோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர், சண்டபராக்கிரமத் தெரிந்த வலங்கை வேளைக்காரர், க்ஷத்திரியசிகாமணித் தெரிந்த வலங்கை வேளைக்காரர், இளையராஜராஜத் தெரிந்த வலங்கை வேளைக்காரர் என்று அந்த வரிசை நீள்கிறது. ‘தெரிந்த’ என்பது இங்கே தேர்ந்தெடுத்த என்ற பழைய பொருளில் வருகிறது. சண்டபராக்கிரமன் என்ற விருதின் பெயரால் பொறுக்கியெடுத்து அமைத்த படை என்று கொள்ளலாம். முதலாம் பராந்தகன் காலத்திலேயே ‘தெரிஞ்ச கைக்கோளர்’ என்று படைகள் இருந்தன. ஆகவே இந்தப் பெயரமைப்பு ராஜராஜன் கண்டுபிடித்ததன்று.

இந்தப் பட்டியலில் வேறு வகைப் பெயர்களும் உண்டு. வில்லிகள், ஆனைப்பாகர், குதிரைச்சேவகர், வாசல் திருமெய்காப்பார், பரிவாரத்தார், பழம்படைகளிலார். வில்லி என்றால் ஆயுதம் தெரிகிறது; ஆனைப்பாகர், குதிரைச்சேவகர் என்றால் ஊர்தி தெரிகிறது; மெய்காப்பார் என்றால் பணி தெரிகிறது. பழம்படை என்றால் வயது தெரிகிறது. வேளைக்காரர் என்ற பெயரோ ஆயுதத்தையும் சொல்லவில்லை, ஊர்தியையும் சொல்லவில்லை. ‘வேளை’ என்ற ஒன்றை உடையவர் என்று மட்டும் சொல்கிறது. அரசனுக்கும் அந்த வீரனுக்கும் இடையே இருந்த ஏதோ ஓர் உறவு முறையை அந்தப் பெயர் குறித்திருக்க வேண்டும் என்று ஊகிக்க இதுவே முதல் காரணம்.

எந்த உறவு? பழைய கல்வெட்டறிஞர் சிலர், வேளை வந்தபோது, அதாவது சமயம் நேர்ந்தபோது, தாமாக முன்வந்து படையில் சேர்ந்தவர்கள் என்று விளக்கினார்கள். இதன்படி வேளைக்காரர் நிலைப்படையினர் ஆகமாட்டார்கள். போர்க்காலத்தில் திரண்டு பின் கலைபவர்கள். ஆனால் தஞ்சைப் பட்டியலோடு இது ஒட்டவில்லை. அரசனின் விருதுப்பெயர்கள் பலவற்றுக்கும் ஒவ்வொரு வேளைக்காரப் படை தேர்ந்தெடுத்து அமைத்துப் பெயரிட்டு வைத்திருந்தது, கலைந்து போகிறவர்களுக்குச் செய்கிற ஏற்பாடா? மற்றொரு கருத்து, அவர்களை உழைக்கும் குடிகளிலிருந்து திரட்டிய வீரர்கள் என்றது. வேளையை வேலையாக்கிய விளக்கம் அது. இன்றைய பேச்சில் இரண்டும் நெருங்கி ஒலிப்பதால் வந்த மயக்கம் இது. கல்லில் இருப்பது ளகரம் என்பதைச் சொன்னாலே போதும், மேற்கொண்டு நேரம் செலவிட வேண்டியதில்லை.

மூன்றாவது விளக்கம் இவற்றைவிடக் கனமானது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வேளைக்காரரை, அரசனுக்கு உரிய நேரங்களில் தாம் செய்ய வேண்டிய பணி தவறினால் உயிரை மாய்த்துக்கொள்வதாக விரதம் பூண்ட பணியாளர் என்கிறது. வைணவ உரையாசிரியர்களின் வழக்கிலும் இந்தச் சொல் ஏறத்தாழ இப்பொருளில் நடமாடியது. நீலகண்ட சாஸ்திரி தம் ‘சோழர்கள்’ நூலில் இந்தப் பக்கமே சாய்ந்தார். அரசனின் மிக நம்பிக்கையான படையினர், எந்த நிலையிலும் அவனை உயிர் கொடுத்துக் காக்கக் கடமைப்பட்டவர் என்றார். இந்த விளக்கத்தில் இரண்டு இழைகள் பின்னியிருக்கின்றன. ஒன்று, முறைவைத்துக் காவல் நிற்கும் நேரம். மற்றொன்று, சாவதாகச் செய்த சபதம். வேளை என்றால் முன்னது என்று கொள்வது தமிழ்க் காதுக்கு எளிது. காலை வேளை, மாலை வேளை என்று தினம் சொல்கிறோம். ஆனால் முறைக்காவல் எந்த அரண்மனையிலும் உண்டு. அதற்காக ஒரு படைக்கே அந்தப் பெயர் வந்தது என்றால், சபதம் என்ற இழை எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பது விளங்காமல் போகிறது.

அதை விளக்கக் கன்னட நாட்டுக்குப் போக வேண்டும். தமிழகத்து ஆய்வுகள் பலவும் இந்தப் பக்கம் போதுமான அளவு திரும்பிப் பார்க்கவில்லை என்பது என் குறை. கன்னடக் காவியங்களிலும் கல்வெட்டுகளிலும் ‘ஜோளவாளி’, ‘வேளெவாளி’ என்று இரண்டு சொற்கள் வருகின்றன. ஜோளம் என்பது சோளம். அரசனிடம் தின்ற சோற்றுக்கு உயிரைத் திருப்பித் தரும் கடன் ஜோளவாளி. அதைவிட ஒருபடி கடுமையானது வேளெவாளி. தலைவனுக்குச் சாவு நேரும் அந்த வேளையில் தானும் சாவதாக முன்கூட்டியே சொல்லிவைத்த சபதம் அது. ‘வேலா’ என்ற வடசொல்லுக்கு எல்லை, கரை, காலம் என்ற பொருள்களோடு இறுதி நேரம், சாவு வேளை என்ற பொருளும் உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். எல்லை என்ற பொருளும் இடம் பெறாமல் இல்லை, ஏனென்றால் வேளை ஏற்றவனின் வாழ்நாளுக்கு அவன் தலைவனின் வாழ்நாளே எல்லையாகிறது.

இந்தச் சபதம் வெறும் காவியப் பேச்சாக நின்றுவிடவில்லை என்பதற்கு ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிலை ஒட்டி நிற்கும் கருடத் தூண் சான்று. ஹொய்சளன் இரண்டாம் வல்லாளன் 1220-ஐ ஒட்டி இறந்தபோது, அவனுடைய தளபதி குவர லக்ஷ்மன் தன் மனைவியோடும் தன்னைச் சேர்ந்த ஆயிரம் வீரர்களோடும் உயிர்விட்டதை அந்தத் தூணின் கல்வெட்டு சொல்கிறது. வாளேந்திய வீரர்கள் தம் தலையைத் தாமே அறுத்துக்கொள்ளும் உருவங்கள் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஹொய்சள நாட்டில் இத்தகையோருக்குக் ‘கருடர்’ என்று பெயர். திருமாலை விட்டுப் பிரியாத கருடனைப் போன்றவர்கள். மண்டியா மாவட்டம் அக்ரஹார பாச்சஹள்ளியிலும் 13-ஆம் நூற்றாண்டுக் கருடத் தூண்கள் உண்டு. அவை ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அரசர்களோடு இறந்தவர்களை நினைவுகூர்பவை. சபதம் ஒருவன் தனக்காகச் செய்துகொள்வதாக இருந்து, குடும்பத்தின் பரம்பரைக் கடமையாக மாறியதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

தென்னாட்டில் இந்த வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு வெளிநாட்டார் குறிப்புகளும் துணை நிற்கின்றன. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அரபு ஆசிரியர் அபூ ஸைது, இந்திய அரசர் சிலர் அரியணை ஏறும்போது சோறு சமைத்துத் தம்முன் வைத்து உண்பதையும், அந்தச் சோற்றைத் தாமாக முன்வந்து உண்ட முந்நூறு நானூறு பேர் அரசன் இறக்கும் நாளில் தீயில் விழ வேண்டியவர்கள் என்பதையும் எழுதினார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார், அதாவது பாண்டியர் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் அரசனோடு எப்போதும் இருந்த தோழர்கள் அவன் சிதையில் பாய்வதைச் சொல்கிறார். பாண்டியக் கல்வெட்டுகள் ‘தென்னவன் ஆபத்துதவிகள்’ என்று ஒரு கூட்டத்தைக் குறிக்கின்றன. கேரளத்தில் பிற்காலத்துத் திருநாவாய் மாமாங்கத்தில் சாமூதிரியை வெட்டச் சென்று மடிந்த சாவேறுகள் வேறு. இவை எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி வேளைக்காரர் தலையில் வைத்துவிடுவது ஆய்வாளர்கள் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. மார்க்கோ போலோ சொல்வது பாண்டிய நாட்டுத் தோழர்களை. அரபு ஆசிரியர் எந்த அரசைச் சொல்கிறார் என்பதே தெளிவில்லை. வழக்கம் பொதுவானது என்பதை இவை காட்டும். வேளைக்காரர் என்ற பெயருக்கும் அந்த வழக்கத்துக்கும் உள்ள முடிச்சைக் காட்டுபவை கன்னடச் சான்றுகள்தாம்.

ஆனால் சோழர் பக்கத்துக் கதை ஒன்றை இங்கே விட்டுவிட முடியாது. 949-இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில், யானை மேலிருந்த சோழ இளவரசன் ராஜாதித்தன் கொல்லப்பட்டான். அவனுக்குக் கேரளத்திலிருந்து வந்த வல்லபன் என்றொரு நெருங்கிய தோழன் இருந்தான். போர்க்களத்தில் தலைவன் பக்கத்தில் இருந்து சாக முடியாமல் போன வெட்கத்தால் அவன் உலகைத் துறந்து, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு மடத்தலைவரானான். மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டு பொறித்த திருவொற்றியூர்க் கல்வெட்டு இதைச் சொல்கிறது. தலைவன் மடிந்த போரில் வென்ற அரசனின் ஆட்சியிலேயே அந்தத் தோழனின் துயரம் கல்லில் ஏறியிருப்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. கல்வெட்டு அவனை வேளைக்காரன் என்று சொல்லவில்லை. ஆனால் சபதம் தவறியவனுக்கு என்ன வழி என்ற கேள்விக்குத் துறவு என்ற விடையும் இருந்தது என்பதை நாம் அறிய இது ஒன்றே போதும். சாவு ஒன்றே விதி என்று நினைத்தவர்களுக்கு இது ஒரு திருத்தம்.

இனி இலங்கை. வேளைக்காரர் பற்றிய சான்றுகளில் மிகச் செழிப்பானவை அங்கேதான் இருக்கின்றன, சிக்கல்களும் அங்கேதான்.

1070-இல் சோழரைப் பொலன்னறுவையிலிருந்து விரட்டிய முதலாம் விஜயபாகு, சோழர் விட்டுச்சென்ற வேளைக்காரரைத் தன் படையில் வைத்துக்கொண்டான். இதிலேயே ஒரு முரண் இருக்கிறது. சோழ அரசனோடு சாவதாகச் சபதம் செய்தவர்கள் எப்படிச் சோழனின் பகைவனுக்குச் சேவகம் செய்ய முடியும்? அப்புறம் வந்தது கலகம். இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறபடி, கருநாட்டு அரசனிடம் போன சிங்களத் தூதரைச் சோழர் பிடித்து மூக்கையும் காதையும் அறுத்து அனுப்பினார்கள். வெகுண்ட விஜயபாகு சோழரோடு போருக்குப் படை திரட்டினான். போக விருப்பமில்லாத வேளைக்காரர் கலகம் செய்து, தளபதிகள் இருவரைக் கொன்று, அரசனின் தங்கை மித்தாவை அவள் மூன்று மகன்களோடு சிறைப்பிடித்து, அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். அரசன் தெற்கே ஒதுங்கி, படை கூட்டி மீண்டு வந்து கலகத்தை அடக்கினான். கொல்லப்பட்ட தளபதிகளின் சிதையைச் சுற்றிக் கலகத் தலைவர்களைக் கட்டிவைத்து எரித்தான். இது 1085-ஐ ஒட்டி நடந்தது.

தம் இனத்தாரோடு போரிட மறுத்த தமிழர்கள் என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அப்படியும் இருக்கலாம். ஆனால் சூளவம்சம் சொல்வது விருப்பமின்மையை. காரணத்தை விரித்துச் சொல்லவில்லை. கடல் கடந்து ஒரு பேரரசின் மேல் படையெடுப்பதும் அரசனின் மேனியைக் காப்பதும் ஒரே கடமை என்று அவர்கள் கருதினார்களா என்பது திறந்த கேள்வி. எப்படியானாலும், அரண்மனைக்கே தீ வைத்தவர்களை அரசனின் உயிர்த் தோழர்கள் என்று சொல்ல முடியாது. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில், குறைந்தபட்சம் இலங்கையில், வேளைக்காரர் என்பது ஒரு சபதத்தின் பெயராக இல்லாமல் ஒரு படையமைப்பின் பெயராகிவிட்டது என்பதற்கு இந்தக் கலகத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சேவகம் பெயர்ந்துவிட்டது, பெயர் பெயராமல் நின்றது.

இத்தனைக்கும் பிறகு நடந்ததுதான் வியப்பு. பொலன்னறுவையில் அதே விஜயபாகு காலத்தில் புத்தரின் தந்தத்தாதுவுக்கு எடுத்த கோயிலருகே ஒரு கற்பலகை நிற்கிறது. தொடக்கத்தில் வடமொழி, பின் தமிழ். விக்கிரமசிங்க முதலில் ‘எபிகிராபியா ஸெய்லானிகா’விலும் பின்னர் பரணவிதான ‘எபிகிராபியா இண்டிகா’விலும் பதிப்பித்த இந்தக் கல்வெட்டு வேளைக்காரர் தாமே பேசும் ஆவணம். 55 ஆண்டு ஆண்ட விஜயபாகு இறந்த பின், பெரும் தேரர் முகலனின் அழைப்பை ஏற்று அவர்கள் கூடுகிறார்கள். கூட்டத்துக்குத் தம் மூதாதைகள் என்று வலஞ்செயரையும் நகரத்தாரையும் அழைத்துக்கொள்கிறார்கள். தளதாய்ப் பெரும்பள்ளி என்ற அந்தத் தந்தத்தாதுக் கோயிலைத் தம் காவலில் ஏற்று, அதற்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன்’ என்று தம் பெயரையே சூட்டுகிறார்கள். அதன் ஊர்களையும் உடைமைகளையும் ஊழியரையும் அடைக்கலம் புகுந்தோரையும், தமக்கு அழிவு வந்தாலும், தம் வழி உள்ளளவும் காப்பதாக உறுதி சொல்கிறார்கள். காவலுக்கு நிலமும் ஒதுக்குகிறார்கள்.

சபதம் மறைந்துவிடவில்லை, ஆள் மாறியிருக்கிறது என்று இதைப் படிக்கலாம். உயிர் கொடுத்துக் காப்போம் என்ற பழைய வாய்ப்பாடு அப்படியே இருக்கிறது. ஆனால் காக்கப்படுவது சாவுள்ள ஓர் அரசன் அல்லன்; சாகாத ஒரு நிறுவனம். தனி வீரனின் வாக்கு, கூட்டமைப்பின் உடன்படிக்கையாகிறது. அறக்கொடைக்குப் பாதுகாவலர் என்ற இந்தப் பணி இங்கு மட்டும் நடந்ததுமன்று. திருகோணமலைப் பக்கத்துப் பலமோட்டைத் தமிழ்க் கல்வெட்டில், பார்ப்பனப் பெண் ஒருத்தி சிவன் கோயிலுக்கு வைத்த கொடை வலங்கை வேளைக்காரரின் காவலில் விடப்படுகிறது. பதவியாவில் ஒரு தண்டநாயகன் கட்டிய விகாரைக்கு வேளைக்கார விகாரை என்றே பெயர். சிவன் கோயிலா, புத்த விகாரையா என்ற வேறுபாடு இந்தக் காவலர்களுக்குத் தடையாக இருந்ததாகத் தெரியவில்லை. அம்பாசமுத்திரத்துக்கு அருகே திருவாலீசுவரத்தில் ‘மூன்றுகை மகாசேனை’ ஒரு சிவன் கோயிலைத் தன் காப்பில் ஏற்ற கல்வெட்டையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று கை என்பது படையின் மூன்று அணி என்று கொள்வது பொருந்தும். வலங்கையும் இடங்கையும் அறிந்தவை, மூன்றாவது எது என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

பொலன்னறுவைப் பலகை இன்னொரு பழைய வாதத்தையும் தீர்க்கிறது. வேளைக்காரர் ஒரு சாதி என்றும், ஓர் இனம் என்றும் எழுதியவர்கள் உண்டு. அந்தக் கல்வெட்டிலோ வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர், பரிவாரக்கொந்தம் என்று பல கூட்டத்தார் ஒரே பெயரின் கீழ் வருகிறார்கள். தெலுங்கு நாட்டிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்தவர்கள் அதில் உண்டு. ஓர் இனத்தின் பெயராக அது இருந்திருக்க வழியே இல்லை.

வலஞ்செயரை மூதாதைகள் என்றது ஏன் என்பது எனக்கு இவை எல்லாவற்றையும்விட ஆர்வமூட்டும் கேள்வி. வலஞ்செயர், அதாவது வளஞ்சியர், ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் கூட்டத்தோடு சேர்ந்தவர்கள். அவர்களுக்குச் சொந்த ஆயுதக் காவலர்கள் இருந்தது கல்வெட்டுகளால் தெரிந்த செய்தி. அரசனிடம் கூலி பெறும் படை வணிகரைத் தன் முன்னோர் என்று சொல்லுமா? சொல்கிறது என்றால், சோழர் ஆட்சி போன பின் இலங்கையில் எஞ்சிய வேளைக்காரர் வணிகக் கூட்டங்களின் ஆதரவில் தம்மைத் திரும்ப அமைத்துக்கொண்டார்கள் என்று கருத இடம் இருக்கிறது. வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் போன்றோர், சோழர் படைகள் எனப்படுபவற்றில் பல மைய அரசின் நிலைப்படைகளாக இல்லாமல், ஆயுதம் தாங்கிய வட்டார, தொழிற் கூட்டங்களாகவே இருந்தன என்று வாதிட்டார்கள். இலங்கைச் சான்றுக்கு அந்த வாதம் நன்றாகப் பொருந்துகிறது. அதையே தஞ்சைக்கும் பொருத்துவது அவசரம். அரசனின் விருதுப்பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, அரசனால் தெரிந்தெடுக்கப்பட்டவர் என்று சொல்லிக்கொள்ளும் பிரிவுக்கும், தானே கூடித் தீர்மானம் எழுதும் கூட்டமைப்புக்கும் இடையே நூறு ஆண்டும் ஒரு கடலும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே விளக்கம் தேடியதுதான் இந்த விவாதம் இவ்வளவு நீண்டதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கைக்கோளர் என்ற பெயரும் இப்படிப் படையிலிருந்து தறிக்குப் போயிருக்கிறது. அதன் பொருளை ஒரு காலத்துக்குரியதாகக் கட்டிப்போட யாரும் முயல்வதில்லை.

ஆக, வேளைக்காரர் என்பதன் பிறப்பைக் கேட்டால், தலைவனின் சாவு வேளையைத் தன் சாவு வேளையாக ஏற்றவன் என்ற கன்னட வழக்கோடு ஒத்த பொருளையே முதலில் வைப்பேன். ராஜராஜன் காலத்துப் பொருளைக் கேட்டால், அந்தச் சபதத்தின் மதிப்பைப் பெயரில் தாங்கிய தேர்ந்த படைப்பிரிவு என்பேன். அதில் ஒவ்வொருவனும் உண்மையில் சபதம் செய்திருந்தானா என்பதைப் பட்டியல்களை வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் பிரிவினர் கூட்டமாக அரசனோடு இறந்ததைச் சொல்லும் நடுகல் வரிசையோ, ஹளேபீட்டுத் தூணுக்கு நிகரான ஒன்றோ சோழ நாட்டில் கிடைத்திருந்தால் வழக்கு முடிந்திருக்கும். விஜயபாகு கால இலங்கையில் அதன் பொருள், கூலிக்கும் நிலத்துக்கும் காவல் செய்யும் பல இனக் கூட்டமைப்பு.

சோழர் போனபின் படை போயிற்று, சொல் போகவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடிய திருவகுப்புகளில் ஒன்று ‘திருவேளைக்காரன் வகுப்பு’. அங்கே வேளைக்காரன் முருகன். அடியவனுக்கு வேண்டிய வேளையில் வந்து நிற்பவன் என்று அதற்கு இன்று பொருள் சொல்கிறார்கள். தலைவனுக்காகச் சாகிறவன் பெயர், அடியாரைக் காக்கும் தலைவனின் பெயராக இடம் மாறிவிட்டது. பொலன்னறுவையில் படையினர் புத்தரின் பள்ளிக்குத் திருவேளைக்காரன் என்று சூட்டியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று யாராவது இலக்கியத்தையும் கல்வெட்டையும் சேர்த்து வைத்துத் தேடினால் நல்லது.